அடைக்கலமா? ஒப்படைப்பா?

தென்காசியில் நின்று மேற்கே நோக்கினால், குற்றால மலைமுகட்டில் முகில் வந்து படிவதும், அது சாரலாய்ச் சிதறுவதும், அருவியாய் வீழ்ந்து சிற்றாறாய்ப் பெருகுவதும் தெரியும். அச்சாரல் எந்த அரசினது எல்லையையும் கேட்டுப் பெய்வதில்லை. தென்காசியில் பெய்யும் அதே சாரல்தான் செங்கோட்டையிலும் பெய்கின்றது. இரண்டு ஊர்க்கும் இடையிலுள்ள தொலைவு ஐந்தாறு கல்லே. ஆயினும், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல்நாள் வரை அவ்வூர்கள் இருவேறு ஆட்சிகளின்கீழ் இருந்தன. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அம்மாவட்டமோ, 1947 வரை வெள்ளையனின் நேரடி ஆட்சியில் இருந்தது. செங்கோட்டையோ திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்திருந்தது. பேசும் மொழி ஒன்று. உண்ணும் சோறு ஒன்று. கொள்வினை கொடுப்பினை ஒன்று. அரசுகள் மட்டும் இரண்டு.

எல்லைக்கோடு என்பது உழவனுக்கும் வணிகனுக்கும் ஒரு தொல்லை, அவ்வளவே. ஆனால், ஓர் அரசின் சினத்திற்கு ஆளாகி ஓடிவரும் ஒருவனுக்கு அக்கோடே உயிர்நிலை. அக்கோட்டின் இப்புறம் கால்வைத்தால் வாழ்வு. அப்புறம் இழுத்துச் செல்லப்பெற்றால் தூக்குமரம். அவ்வாறு வந்தவனைக் காப்பதா, கேட்டவனிடம் கொடுப்பதா என்னும் வினா, மாந்த வரலாற்றில் அரசுகளின் அறத்தை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாக இருந்து வந்துள்ளது. அவ்வினா இன்றும் தீரவில்லை. நம் கண்முன்னே, நம் இனத்தாரையே நடுவில் நிறுத்தி அது கேட்கப்பெற்று வருகின்றது. எனவேதான் இத்திங்கள் அதனை விரிவாக எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

அடைக்கலம் என்பது தமிழர்க்கு நேற்றுவந்த கருத்தன்று. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே 'அடைக்கலக் காதை' என்று பெயர். கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாகக் கொடுத்தார். உசாவாது கோவலனைக் கொல்வித்த பாண்டியன் அரியணையிலேயே உயிர் துறந்தான். அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினோமே என்று வெதும்பிய மாதரி தீயிற் புகுந்தாள். ஒருவன் மேல் மற்றொருவன் சொன்ன சொல்லை ஆராயாது அவனைக் கொலைக்களத்திற்கு அனுப்புதல் அரசினது கேடு. அடைக்கலம் புகுந்தாரைக் காவாமை குடியினது கேடு. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டிய நூல் நம்முடையது. அதனைப் பட்டிமன்றங்களில் மட்டும் பேசிக் கைதட்டிக் கலைந்துவிடும் கூட்டமாக நாம் ஆகிவிடுதல் கூடாது.

இனி, நம் தென்பாண்டி மண்ணில் நடந்தவற்றைப் பார்ப்போம்.

1799ஆம் ஆண்டு பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமானின் எல்லைக்குள் புகுந்தான். தொண்டைமானின் ஆட்கள் அவனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில், மேசர் பானர்மன் மற்றைப் பாளையக்காரர்களை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு, உசாவல் என்னும் பெயரில் ஒரு நாடகம் நடத்தி, அவனைத் தூக்கிலிட்டான். வெள்ளையர்க்குச் செய்த உதவிகளுக்காகப் புதுக்கோட்டைக்கு 1803இல் கீழாநிலைப் பகுதி கிடைத்தது. நிலம் வந்தது, பழியும் உடன் வந்தது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் நிலம் யார்க்கு என்பதை மக்கள் மறந்துவிட்டனர், பழியை மறக்கவில்லை.

அடுத்த நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. 1801 பிப்பிரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பிய ஊமைத்துரை, அவ்வாண்டிலேயே மருதிருவரின் சிவகங்கைச் சீமைக்குள் அடைக்கலம் புகுந்தான். அவனைக் கொடுத்துவிட்டால் கும்பினியின் பகை தணியும் என்பது மருதிருவர்க்குத் தெரியாததன்று. ஆயினும் அவர்கள் கொடுக்கவில்லை. போர் மூண்டது, காளையார்கோயில் வீழ்ந்தது, 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பெற்றனர். கொடுத்தவன் அரசாண்டான், கொடாதவர் தூக்கிலேறினர். ஆயினும் இன்று எவர் பெயரைத் தம் மக்களுக்குத் தமிழர் இட்டு வழங்குகின்றனர்? வரலாறு தன் தீர்ப்பைக் காலந்தாழ்த்தித்தான் எழுதும். ஆனால் எழுதாமல் விடுவதில்லை.

கட்டபொம்மனும் ஊமைத்துரையும் வாழ்ந்த காலத்தில் ஒப்படைப்பு என்பது வாளினது வலிமையைப் பொறுத்திருந்தது. பின்னர் வெள்ளையன் அதனைச் சட்டமாக்கினான். 1903ஆம் ஆண்டின் இந்திய ஒப்படைப்புச் சட்டத்தைப் படித்துப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும். அச்சட்டம் அயல்நாடுகளுக்கு ஒரு முறையையும், மன்னர்கள் ஆண்ட உள்நாட்டு அரசுகளுக்கு மற்றொரு முறையையும் வைத்தது. பிரான்சு போன்ற அயல்நாடு ஒருவனைக் கேட்டால், குற்றவியல் நடுவர் ஒருவர் சான்றுகளை ஆராய்ந்து, வழக்கிற்கு அடிப்படை உண்டா என்று பார்த்தல் வேண்டும். ஆனால், மன்னர் நாட்டில் அமர்த்தப்பெற்றிருந்த வெள்ளையரின் அரசியல் சார்பாளர் ஒரு பற்றாணையில் கையெழுத்திட்டு மாவட்ட நடுவர்க்கு அனுப்பிவிட்டால், அந்நடுவர் அதன்படியே செய்தல் வேண்டும். ஆராய்தலுக்கு அங்கே இடமில்லை. திருவிதாங்கூர் எல்லையிலிருந்து குற்றாலத்திற்கு நடந்துவந்த ஓர் ஏழைக்கும், சிறைக்கும் இடையில் நின்றது ஒற்றைக் கையெழுத்து!

மறுபுறமிருந்து வெள்ளையன் கேட்டாலோ, 'கொடேன்' என்று சொல்லும் ஆற்றல் எந்த மன்னர்க்கும் இல்லை. முடி மன்னர் தலையிலும் பிடி வெள்ளையர் கையிலும் இருந்தன. எனவே, தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையிலிருந்த எல்லை, சுங்கம் தண்டுவதற்கு எல்லையாக இருந்தது; அடைக்கலத்திற்கு எல்லையாக இருக்கவில்லை.

1911 சூன் 17ஆம் நாள் மணியாச்சிப் புகைவண்டி நிலையத்தில் திருநெல்வேலி மாவட்டத் தலைவன் ஆசு சுட்டுக் கொல்லப்பெற்ற நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். சுட்டவன் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சி; திருவிதாங்கூர்க் காட்டுத்துறையில் புனலூரில் பணியாற்றியவன். அங்கேயே தன்னைத்தான் சுட்டுக்கொண்டு மாய்ந்தான். அவனை எந்த அரசும் ஒப்படைக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. ஆனால் அவன் தோழர்களைத் தேடி வெள்ளைக் காவலர் மேற்கொண்ட வேட்டைக்குத் திருவிதாங்கூர் எல்லை ஒரு மயிரிழைத் தடையாகவும் இருந்ததில்லை. வேட்டைக்கு அஞ்சி இருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். நீலகண்ட பிரமச்சாரி முதலாகப் பதினால்வர்மேல் சென்னை உயர்நயமன்றத்தில் மூன்று நடுவர்முன் வழக்கு நடந்தது. 1912இல் ஒன்பதின்மர் தண்டிக்கப்பெற்றனர். அவருள் நீலகண்டர்க்கு ஏழாண்டுச் சிறை. மூன்று நடுவருள் ஒருவராகிய சங்கரன் நாயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார் என்பதை நாம் மறத்தல் ஆகாது. வெள்ளையரின் மன்றத்திலும் சான்றை எடைபோட்டுப் பார்த்த ஒரு கை இருந்தது. உசாவல் என்ற ஒன்று இருந்தால்தான் அத்தகைய கைக்கு வேலை கிடைக்கும் என்பதே இதனால் அறியத்தக்கது.

வாஞ்சி விட்டுச்சென்ற மடலில் காணப்பெறும் ஆரியச் சனாதனக் கருத்துகள் நமக்கு உடன்பாடல்ல. பிறப்பால் ஒருவனை இழிந்தவன் என்று கூறும் எச்சொல்லையும், அதனை எவன் எழுதியிருப்பினும், நாம் மறுப்போம். ஆனால் இங்கே நாம் பேசுவது அவன் கொள்கையைப் பற்றியன்று. நமக்கு உவப்பானவர்க்கு மட்டும் உரிமை கேட்பது உரிமை ஆகாது. அது கட்சி கட்டுதலேயாகும். நமக்கு ஒவ்வாத கொள்கையுடையவனும் ஓர் அரசின் கையில் சிக்கும்பொழுது, அவனுக்கும் உசாவல் வேண்டும், அவனுக்கும் முறைமன்றம் வேண்டும் என்று சொல்வதே அறம்.

வெள்ளையனின் கை எட்டாத இடமும் தமிழ்மண்ணில் ஒன்று இருந்தது. அது புதுச்சேரி. 1908இல் பாரதியாரும், 1910இல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் பிரெஞ்சியர் ஆண்ட அவ்வூரில் புகுந்தனர். அவர்களைப் பிடித்துத் தருமாறும், அன்றேல் துரத்திவிடுமாறும் வெள்ளை அரசு பிரெஞ்சு அரசை நெருக்கிக்கொண்டே இருந்தது. ஒற்றர் கூட்டம் ஒன்று புதுச்சேரித் தெருக்களிலேயே குடியிருந்து அவர்களை வேவுபார்த்தது. 1911இல் பிரெஞ்சு ஆட்சி, வேற்றூரார் ஒவ்வொருவரும் உள்ளூர்ப் பெருமக்கள் ஐவரிடம் நற்சான்று பெற்றுப் பதிந்துகொள்ளல் வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தது. ஐவர் கிடையார், இவர்கள் வெளியேறுவர் என்பது கணக்கு. ஆனால் சங்கரச் செட்டியார் போன்ற புதுச்சேரித் தமிழர் முன்வந்து கையெழுத்திட்டனர். அடைக்கலத்தை அரசு மட்டும் தருவதில்லை. துணிவுள்ள குடிமக்களும் தருகின்றனர் என்பதற்கு அக்கையெழுத்துகளே சான்று. முதல் உலகப்போர்க் காலத்தில் இவர்களை அல்சீரியாவிற்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் எழுந்து, அதுவும் நிறைவேறாமற் போயிற்று.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரி எல்லையைக் கடந்தார். கடந்தவுடனே தளையிடப்பெற்றுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பெற்றார். ஏறத்தாழ மூன்று கிழமைக்குப்பின் சில கட்டுப்பாடுகளுடன் விடுவிக்கப்பெற்று, அவர் வந்து தங்கிய இடம் எது? தென்காசியை அடுத்த கடையம்! அவர் துணைவியார் செல்லம்மாள் பிறந்த ஊர். பத்தாண்டுக்காலம் அயலார் ஆட்சியில் எழுதுகோலை உயர்த்தி நின்றவர், தம் மண்ணிற்கு வந்த அன்றே காவலரின் கண்காணிப்பிற்குள் ஒடுங்க வேண்டியதாயிற்று. கடையத்து வயல்வரப்பும் குன்றும் அவர்க்கு அமைதி தந்திருக்கலாம். ஆயினும், எல்லை என்பது எத்தகைய வாள் என்பதை அவ்வொரு வாழ்க்கையே காட்டவல்லது.

பிரெஞ்சியர் என்ன அருளாளரோ என்று எவரும் ஏமாறுதல் வேண்டா. 1910 சூலை 8ஆம் நாள் மார்சேல்சுத் துறைமுகத்தில் வெள்ளையரின் கப்பலினின்று குதித்து நீந்திக் கரையேறிய சாவர்க்கரைப் பிரெஞ்சுக் காவலரே பிடித்து அப்பொழுதே திரும்பக் கொடுத்துவிட்டனர். பிரெஞ்சு நாட்டில் எழுந்த கண்டனத்தால் அவ்வழக்கு நெதர்லாந்து நாட்டின் ஏகு நகர் நடுவர் மன்றத்திற்குச் சென்றது. 1911 பிப்பிரவரி 24இல் அம்மன்றம், ஒப்படைத்ததில் முறைகேடு இருந்தது என்று ஒப்பியும், ஆளைத் திருப்பித் தரவேண்டிய கடப்பாடு ஆங்கிலேயர்க்கு இல்லை என்று தீர்ப்புரைத்தது. சாவர்க்கரின் கொள்கைக்கும் நமக்கும் மலைக்கும் மடுவிற்கும் உள்ள தொலைவு. ஆயினும் அத்தீர்ப்பு கற்பிக்கும் பாடம் தெளிவானது: ஆளைக் கொடுத்தபின் பேசும் அறம், வெள்ளம் வடிந்தபின் கட்டும் அணை.

ஆங்கிலேயனின் இரட்டை நாக்கை முழுதும் அறிதல் வேண்டுமாயின், அவன் சீனத்தில் நடந்துகொண்ட முறையைப் பார்த்தல் வேண்டும்.

அபினிப் போரில் வென்று 1842இல் ஆங்காங்கைப் பறித்துக்கொண்ட வெள்ளையன், அங்கு ஓடிவரும் சீனக் குற்றவாளிகளைச் சீன அரசிடம் ஒப்படைப்பதாக 1843, 1858ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் ஒப்பினான். ஆனால் ஒப்படைப்பு ஒவ்வொன்றும் பூசலாகவே முடிந்தது. 1865இல் தைப்பிங் எழுச்சியின் தலைவருள் ஒருவர் என்று கருதப்பெற்ற ஒருவர் கொள்ளைக் குற்றத்தின் பெயரால் ஒப்படைக்கப்பெற்று, உடலைத் துண்டு துண்டாய் அரியும் கொடுந்தண்டனைக்கு ஆளானார். அதன்பின், நோவுறுத்தல் இல்லை என்று உறுதிமொழி தந்தாலன்றி ஆளைத் தரலாகாது என்ற குரல் ஆங்கிலேயரிடையே எழுந்தது.

மற்றொரு வழக்கு நம் நெஞ்சைத் தொடுவது. 1870இல் மக்காவிலிருந்து பெரு நாட்டிற்குக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பெற்ற சீனர், ஒரு பிரெஞ்சுக் கப்பலில் கிளர்ந்தெழுந்து, கப்பல் தலைவனையும் வேறு சிலரையும் கொன்று, கப்பலைச் சீனத்திற்கே திருப்பினர். அவருள் ஒருவனாகிய குவோக்கு ஆசிங்கு ஆங்காங்கில் பிடிபட்டான். அங்கிருந்த தலைமை நடுவர் சுமேல் அவனை விடுவித்தார். வழக்கு இலண்டன் மேல்மன்றம் வரை சென்றது. 1873இல் அம்மன்றம், அவனைச் சீனத்திடம் ஒப்படைத்தற்கில்லை என்றும், கடற்கொள்ளைக் குற்றத்திற்காக ஆங்காங்கிலேயே உசாவலாம் என்றும் கூறிற்று. இலங்கைக்கும் மலையாவிற்கும் நேட்டாலுக்கும் பீசிக்கும் கூலிக்கப்பல்களில் ஏற்றப்பெற்ற தமிழரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு, அக்கப்பலின் அடித்தளத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

1896 அக்டோபரில் சன் யாட்சென்னை இலண்டனிலிருந்த சீனத் தூதரகத்தார் பிடித்து அடைத்துவைத்தனர்; கமுக்கமாகக் கப்பலேற்றிச் சீனத்திற்கு அனுப்பிக் கொல்ல எண்ணினர். செய்தி கசிந்தது, ஆங்கில அரசு தலையிட்டது, பன்னிரண்டு நாள்களுக்குப் பின் அவர் விடுதலையானார். ஒப்படைப்பிற்குச் சட்டவழி இல்லாத இடத்தில் அரசுகள் கடத்தலில் இறங்கும் என்பதற்கு இது பழைய சான்று.

1903இல் சாங்காய் நகரில் 'சூபாவோ' என்னும் செய்தித்தாளில் மஞ்சு அரசைத் தாக்கி எழுதியமைக்காகச் சாங் பிங்லின், சௌ உரோங் முதலியோர் தளையிடப்பெற்றனர். அவர்களைத் தம்மிடம் தருமாறு சீன அரசு மன்றாடியது. அந்நேரத்தில் பீக்கிங்கில் சென் சின் என்னும் செய்தியாளர் அரசால் அடித்தே கொல்லப்பெற்றார். ஆங்கிலேயர் ஒப்படைக்க மறுத்தனர். சாங்காய்க் கலப்பு மன்றத்திலேயே வழக்கு நடந்து, சாங்கிற்கு மூன்றாண்டும் சௌவிற்கு ஈராண்டும் சிறை விதிக்கப்பெற்றன. சீனத்திடம் கொடுத்திருந்தால் இருவர்க்கும் தலை எஞ்சியிராது. எனினும் இளைஞராகிய சௌ 1905இல் சிறையிலேயே மாண்டார்.

இங்கே வாசகர் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 'அரசியல் எழுத்துக்காக ஒருவனைக் கொடிய அரசிடம் கொடுத்தல் நாகரிகமன்று' என்று சாங்காயில் ஆங்கிலேயன் நின்ற ஆண்டு 1903. ஒற்றைக் கையெழுத்தில் ஆளைக் கொடுக்கும் சட்டத்தை இந்தியாவில் அவன் இயற்றிய ஆண்டும் அதே 1903! பிறர் ஆட்சிக்கு எதிராக எழுதியவனுக்கு அடைக்கலம். தன் ஆட்சிக்கு எதிராக எழுதிய பாரதிக்குக் கடலூர்ச் சிறை. சாங்காயில் அவன் காத்தது அறத்தையா, தான் பறித்துக்கொண்ட நிலத்தில் தன் ஆளுமையையா? இரண்டும் கலந்திருந்தன என்பதே நேரிய விடை. சீனரின் பார்வையில், தம் மண்ணிலேயே அயலான் மன்றம் வைத்துத் தம் குடிகளை உசாவுதல் பொறுத்தற்கரிய இழிவு, அதுவும் உண்மையே. ஆயினும் அவ்விழிவினால் இருவர் தலை தப்பியது என்பதும் உண்மை.

தன் நலத்திற்கு இடையூறு வந்தபொழுது அவ்வறமும் பறந்தது. 1939இல் தியன்சின் நகரின் ஆங்கிலக் குடியிருப்பில் புகுந்த சீனர் நால்வரைத் தருமாறு சப்பானியர் அக்குடியிருப்பை முற்றுகையிட்டனர். சில திங்கள் மறுத்த ஆங்கிலேயர், ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்தவுடன் நால்வரையும் ஒப்படைத்தனர். நால்வரும் கொல்லப்பெற்றனர். சட்டத்தில் எழுதப்பெறாத அடைக்கலம் கொடுப்போனின் வயிற்றுவலியைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா. 2019இல் ஆங்காங் மக்கள் ஒப்படைப்புச் சட்ட வரைவை எதிர்த்துத் தெருவில் திரண்டு, அதனைத் திரும்பப் பெறச் செய்தமைக்கும் இவ்வச்சமே கரணியம். தம்மை எந்த மன்றத்தின்முன் நிறுத்துவர் என்று அறியாத மக்கள் உறங்கமாட்டார்கள்.

இனி, நம் வீட்டிற்கு வருவோம்.

1973இல் தமிழகத்தில் தளையிடப்பெற்ற ஈழத்தமிழர் குட்டிமணி இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பெற்றார். பின்னர் விடுதலையாகி, 1981இல் இலங்கையில் மீண்டும் பிடிபட்டுத் தூக்குத்தண்டனை பெற்று, 1983 சூலை 25ஆம் நாள் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் கொடூரமாகக் கொல்லப்பெற்றார். அன்றும் சூலை 27ஆம் நாளும் அச்சிறையில் கொல்லப்பெற்ற தமிழ்ச் சிறையாளர் ஐம்பத்து மூவர். அரசின் காவலில், பூட்டிய கதவுகளுக்குள், ஐம்பத்து மூன்று உயிர்கள்! 1973இல் கையெழுத்திட்டவர்கள் 1983ஐ முன்னறிந்திருக்க இயலாது எனலாம். ஆனால் ஒப்படைக்கும் எவனும், 'என் கையினின்று போகும் இவ்வுயிர்க்கு அங்கு என்ன ஆகும்?' என்று கேட்கக் கடமைப்பட்டவன். அக்கேள்வி கேட்கப்பெறவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

1982 மே 19ஆம் நாள் சென்னைப் பாண்டி பசாரில் பிரபாகரன், உமாமகேசுவரன் ஆகியோரிடையே துமுக்கிச் சூடு நிகழ்ந்து, அவர்கள் தளையிடப்பெற்றபொழுது, இலங்கை அரசு அவர்களைத் தருமாறு வற்புறுத்தியது. அப்பொழுது பழ. நெடுமாறன் முன்முயற்சியில் தமிழகக் கட்சிகள் பல ஒன்றுகூடி, ஒப்படைத்தலாகாது என்று ஒரே குரலில் கூறின. ஒப்படைப்பு நிகழவில்லை, வழக்கு இங்கேயே நடந்தது. அவ்விருவரின் பிற்காலச் செயல்களைப் பற்றி யார் எக்கருத்துக் கொண்டிருப்பினும், அன்று தமிழகம் கேட்டது ஒன்றே: 'குற்றம் இங்கு நடந்தது, இங்கே உசாவுக!' முறைமன்றத்தின் நெறியும் அதுவேயன்றோ? ஓராண்டு கழித்து வெலிக்கடையில் நடந்தது, அன்றைய மறுப்பு எத்துணைச் சரியானது என்பதை உலகிற்குக் காட்டிற்று.

இந்தியாவில் இன்று நடைமுறையிலிருப்பது 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம். அதன் 31ஆம் பிரிவு, அரசியல் தன்மையுடைய குற்றத்திற்காக எவரையும் ஒப்படைத்தலாகாது என்கின்றது. நடுவர்முன் உசாவலும் உண்டு. தாளில் குறையில்லை என்றே கொள்வோம். ஆனால் அச்சட்டத்திற்குப் பின்வாயில் ஒன்று இருக்கின்றது. அதன் பெயர் நாடுகடத்தல். ஒப்படைப்பு எனில் மன்றம் உண்டு, சான்று உண்டு, விதிவிலக்கு உண்டு. நாடுகடத்தல் எனில் 'நீ அயலான். வெளியேறு' என்னும் ஓர் ஆணை போதும். முன்வாயிலில் பூட்டுப் போட்டுவிட்டுப் பின்வாயிலைத் திறந்துவைத்திருப்பவன் வீட்டைக் காப்பதாகச் சொன்னால் யார் நம்புவார்?

2025 மே திங்களில், ஏழாண்டுச் சிறைத்தண்டனையை முடித்த ஈழத்தமிழர் ஒருவர், தாம் இலங்கைக்கு அனுப்பப்பெற்றால் உயிர்க்கு ஊறு நேரும் என்று உச்ச நயமன்றத்தில் முறையிட்டார். உலகத்து ஏதிலியர்க்கெல்லாம் இடமளிக்க இந்நாடு ஓர் அறச்சாலையன்று என்னும் கருத்தைக் கூறி மன்றம் தலையிட மறுத்தது. மன்றத்தை மதிக்கின்றோம், அக்கருத்தை மறுக்கின்றோம். 1959இல் சீனத்தின் சினத்திற்குத் தப்பிவந்த தலாய் லாமாவிற்கும் அவர் மக்களுக்கும் இந்தியா கதவைத் திறந்தபொழுது, இந்நாடு அறச்சாலையாக இருந்ததா, இல்லையா? பைலக்குப்பையில் திபேத்தியர்க்கு நிலம் தந்தது அறம் எனில், மண்டபத்திலும் பிற முகாம்களிலும் நாற்பதாண்டுகளாய்த் தகரக்கூரையின்கீழ்ப் பிறந்து வளரும் ஈழத்துக் குழந்தைக்குத் தருவது மட்டும் எவ்வாறு சுமையாகும்? திபேத்தியனுக்குச் செய்ததை நாம் குறைகூறவில்லை; அதனை நெஞ்சாரப் பாராட்டுகின்றோம். அதே அளவுகோலை எம் இனத்திற்கும் வை என்றுதான் கேட்கின்றோம்.

'குற்றம் செய்தவனையும் காக்க வேண்டுமா?' என்று சிலர் கேட்பர். கொலைஞனும் கொள்ளைக்காரனும் எல்லை தாண்டியதாலேயே தண்டனைக்குத் தப்புதல் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மக்களின் பணத்தைச் சுருட்டிக்கொண்டு அயல்நாட்டிற்கு ஓடும் பெருஞ்செல்வரை இழுத்துவர ஒப்படைப்பு முறை வேண்டும், ஐயமில்லை. நாம் சொல்வது இதுவே: எவனையும் உசாவாது கொடாதே, எழுத்துக்காகவும் கொள்கைக்காகவும் கேட்கப்படுபவனைக் கொடாதே, நோவுறுத்தலோ கொலையோ காத்திருக்கும் இடத்திற்கு எவனையும் அனுப்பாதே, எக்குற்றத்திற்காகக் கொடுத்தாயோ அக்குற்றத்திற்கு மட்டுமே அவன் உசாவப்பெறுவான் என்னும் உறுதி பெறாது கொடாதே.

எனவே, நம் வேண்டுகைகள் நான்கு. முதலாவது, 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடல் வேண்டும். இரண்டாவது, ஏதிலியர்க்கெனத் தனிச்சட்டம் இயற்றி, உயிர்க்கு ஊறு உண்டு என்று முறையிடும் எவரையும் தன்னுரிமையுடைய நடுவர் ஒருவர் உசாவாமல் நாடுகடத்துதல் கூடாது என்று அதில் எழுதுதல் வேண்டும். மூன்றாவது, தண்டனை முடிந்தவரையும் வழக்கே இல்லாதவரையும் 'சிறப்பு முகாம்' என்னும் பெயரில் அடைத்துவைக்கும் கொடுமைக்கு முடிவு கட்டுதல் வேண்டும். நான்காவது, தமிழகத்தில் அடைக்கலம் புகுந்தாரைப் பற்றிய முடிவுகளில் தமிழக அரசின் கருத்தைக் கேட்டே நடுவணரசு நடத்தல் வேண்டும்.

இவை புதுமையான வேண்டுகைகள் அல்ல. ஆங்காங்கிலும் சாங்காயிலும் புதுச்சேரியிலும் உயிர்கள் காக்கப்பெற்றது எதனால், இழக்கப்பெற்றது எதனால் என்பதைப் பார்த்துப் பெற்ற பாடங்களே இவை. அரசுகளின் நல்லெண்ணம் கோடைமேகம். வந்தாலும் வரும், வராமலும் போகும். சட்டம்தான் கிணறு.

தமிழர்களே! வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். அப்பெருமை வாய்ச்சொல்லா, வாழ்க்கை நெறியா என்பதை நாளை ஒருவன் நம் கரையில் வந்து இறங்கும்பொழுது உலகம் பார்க்கும். அன்று, ஐவர் கையெழுத்து வேண்டும் என்றால் ஐவராய் முன்வர நாம் அணியமா? நம் ஊரில் உள்ள ஏதிலியர் முகாம் எங்கே இருக்கின்றது என்றாவது நம்முள் எத்துணைப் பேர்க்குத் தெரியும்? இவ்விதழைப் படித்து முடித்தவுடன் அம்முகாமின் பெயரைக் கேட்டறிக. ஒருமுறை சென்று காண்க. அங்குள்ளார் குறையைக் கேட்டு உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்கு ஒரு மடல் எழுதுக. புதுக்கோட்டையின் வழி ஒன்று, சிவகங்கையின் வழி ஒன்று. இரண்டும் இன்னும் திறந்தே கிடக்கின்றன. எவ்வழியில் கால்வைப்பது என்பதை நாமே தேர்தல் வேண்டும்!